கீரிமுனைத் துரைசாணி

நாலாவது வரிசையின் பதினோராவது கல்லில் அறிவித்தல் மட்டையைக் கட்டக் குனிந்தபோதுதான், அந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதைச் செபஸ்தியாம்பிள்ளை முதன்முதலாகப் பார்த்தார். பதினொரு வருசமாக அதே கல்லில் முதுகைச் சாய்த்துத்தான் அவர் மத்தியானச் சாப்பாடு சாப்பிடுகிறார். லண்டன் வால்தம்ஸ்டோவுக்குப் பின்புறம், ரயில் பாதைக்கும் பழைய செங்கல் மதிலுக்கும் நடுவே கல்லறைகளாய்க் கிடக்கிற அந்தச் சேமக்காலையில் எந்தப் பக்கக் காற்றும் படாத இடம் அது ஒன்றுதான். கல்லின் அடியில் ஒரு சாண் அகலத்துக்குப் படி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், தேத்தண்ணிப் போத்தல் வைக்க அளவெடுத்துச் செய்ததுபோல. சாய்ந்திருக்கிறவனுக்குக் கல்லின் குளிர் தெரியுமே தவிர எழுத்துத் தெரியாது. போதாததற்கு, எழுத்தைக் கண்டால் ஒதுங்கிப் போகிற பழக்கம் அவருக்கு. பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் மன்னார்க் கரையில் வலை இழுத்த ஆள். தமிழ் எழுத்தையே மீசை முளைத்தபிறகுதான் பிடித்தார். ஆங்கில எழுத்து, லண்டனில் பார்க்கிங் என்கிற இடத்தில் ஒரு பின்னேர வகுப்பில், நாற்பத்தைந்து வயதில். வாசிக்க ஏலும். ஆனால் முள்ளெடுத்து மீன் தின்கிற மாதிரி, ஒவ்வொன்றாகத்தான்.

பாசியை நகத்தால் சுரண்டிச் சுரண்டி வாசித்தார். பிலோமினா. இலங்கையைச் சேர்ந்தவள். பத்தொன்பது ஆண்டுகள் எங்கள் பிள்ளைகளின் விசுவாசமுள்ள ஆயா. இறந்தது 1939 பெப்ரவரி 3. அவ்வளவுதான். தகப்பன் பெயர் இல்லை, ஊர் இல்லை. செபஸ்தியாம்பிள்ளை கையிலிருந்த மட்டையைக் கட்டாமல் அப்படியே குந்திக்கொண்டு இருந்தார். இவ்வளவு காலமும் ஒரு ஊர்ப் பொம்பிளையின் முன்னால் காலை நீட்டிக்கொண்டு இருந்து சாப்பிட்டிருக்கிறேனே என்று ஒரு வெட்கம் வந்தது. ஆராக இருக்கும் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் வந்தது. வந்தது போகவில்லை.

மட்டையில் இருந்த விசயம் இதுதான். லண்டனில் உயிரோடிருக்கிறவனுக்கே வீடு இல்லை, செத்தவனுக்கு எங்கே போவது? எழுபத்தைந்து வருசம் தாண்டிய குழிகளைத் திரும்பப் பாவிக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு அறிவித்தல் தொங்கும். அதற்குள் சொந்தக்காரர் எவராவது வந்து கையெழுத்து வைத்தால் குழியைத் தொடமாட்டார்கள். ஒருவரும் வராவிட்டால், பழைய எலும்பை எடுத்து அதே குழியில் இன்னும் ஆழத்தில் வைத்து, மேலே புதிய பெட்டியை இறக்குவார்கள். கல்லை மறுபக்கம் திருப்பி, வெறுமையாய்க் கிடக்கும் முதுகில் புதிய பெயரைக் கொத்துவார்கள். அப்படிப் பதினாலு கல்லைச் செபஸ்தியாம்பிள்ளையே திருப்பி நட்டிருக்கிறார். மனம் ஒன்றும் குறுகுறுத்ததில்லை. வேலை வேலைதான். இந்தப் பதினைந்தாவது கல்தான் கையைப் பிடித்தது.

கந்தோரில் ரமா இருந்தாள். திருச்சிப் பக்கத்துப் பிள்ளை. பதிவேடுகளெல்லாம் அவள் பொறுப்பு. சப்பாத்துச் சேற்றை வாசலில் தட்டிவிட்டு இவர் விசயத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள்.

“என்ன செபஸ்தி சார், உங்க லஞ்ச் டேபிளுக்கு ஆபத்து வந்துருச்சுன்னு கவலையா?”

“பகிடியை விடு பிள்ளை. அந்த மனுசி ஆரெண்டு உன்ர புத்தகத்திலை கிடக்கோ, பார்.”

அவள் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து வைத்த தோல் அட்டைப் புத்தகத்தில் நாலு வரி இருந்தது. வயது ஐம்பத்தொன்று. கலியாணம் ஆகாதவள். பிறந்த இடம் மன்னார், சிலோன். குழியை வாங்கியவர் வில்மொட் என்கிற ரயில்பாதை எஞ்சினியர். “அந்த வில்மொட் வம்சத்துல யாரும் இல்ல சார். நாங்க போட்ட லெட்டரெல்லாம் திரும்பி வந்துருச்சு,” என்றாள் ரமா. “அக்டோபர் ஆறு, சாயங்காலம் நாலு மணி. அதுக்குள்ள இந்தம்மாவோட ரத்த சொந்தம் ஒருத்தர் ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டா, இருபத்தஞ்சு வருஷத்துக்கு யாரும் கை வைக்க முடியாது.”

“நான் போட ஏலாதோ? நானும் மன்னார்தான்.”

“மன்னார்ல எல்லாருமே உங்க சொந்தமா சார்?”

செபஸ்தியாம்பிள்ளை யோசித்துப் பார்த்தார். கோபதாபம் பார்க்காவிட்டால் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் அதை ஃபார்மில் எழுத முடியாது.

வீட்டில் மேரிசாந்தி கறி தாளித்துக்கொண்டே கேட்டாள். கேட்டு முடிந்ததும் அகப்பையை நிறுத்தினாள். “இஞ்சேருங்கோ, செத்த ஆக்களுக்குச் சொந்தம் தேடப் போறியளோ? உயிரோடை இருக்கிற என்ர அண்ணைக்கு ஒரு போன் எடுக்க உங்களுக்கு நேரமில்லை.”

“உன்ர கொண்ணை தன்ர குழியைத் தானே காப்பாத்துவார். இந்த மனுசிக்கு ஆர் இருக்கினம்?”

“அதைத்தானே நானும் கேக்கிறன். ஆரும் இல்லாத மனுசிக்கு நீங்கள் ஆர்?”

அவர் போனைத் தூக்கிக்கொண்டு மற்ற அறைக்குப் போனார். மன்னார்ச் சனத்துக்கு லண்டனில் ஒரு வட்ஸ்அப் குழு உண்டு. பூசை நேரம், மரண அறிவித்தல், பிறந்தநாள் கேக், மலிவாய்ப் பாரை மீன் விற்கிற கடை, எல்லாம் அதில் வரும். அரை மணித்தியாலம் எழுத்துக் கூட்டி அவர் போட்டது இது: லண்டனில் 1939ஆம் ஆண்டு காலமான மன்னாரைச் சேர்ந்த பிலோமினா என்பவரின் உறவினர்கள் தேவை. அவசரம்.

அவசரம் என்ற சொல்தான் பிழையாய்ப் போனது. காலமை எழும்பிப் பார்க்க முப்பத்தொரு பேர் சொந்தக்காரராகியிருந்தார்கள். ஒருவர் தன் தாயாரின் பெரியம்மா பிலோமினா என்றார். விசாரித்தால், அந்தப் பெரியம்மா மடுக் கோயிலுக்குத் தெற்கே எங்கும் போனதேயில்லை. இன்னொருவர் வீடு வளவு ஏதும் எழுதி வைத்திருக்கிறாவா என்று கேட்டார். ஆறடி நிலம் இருக்கிறது என்று இவர் பதில் எழுதினார். வவுனியாவிலிருந்து ஒரு பெடியன், அவ என் பூட்டி, இதை வைத்து எனக்கு விசா எடுக்கலாமா என்று மூன்று தடவை கேட்டான். அதுவரை சும்மா கிடந்த பிலோமினாவுக்கு ஒரே இரவில் கிளை விட்டு விழுது விட்டிருந்தது. நெஞ்சில் கை வைத்து இவள் எங்கட பிள்ளை என்று சொல்ல ஒருவர்கூட அதற்குள் இல்லை.

மூன்றாம் நாள், குழுவை நடத்துகிற ஜெஸ்ரின் குரல் செய்தி அனுப்பியிருந்தான். மன்னாரில் கீரிமுனை என்கிற கரையோர ஊர்க்காரன். ஈஸ்ட்ஹாமில் டாக்சி ஓட்டுகிறவன். “அண்ணை, பிலோமினா, லண்டன் எண்டு சேர்த்துக் கேட்டால் எனக்கு ஒரேயொரு ஆளைத்தான் தெரியும். எங்கட ஊர்த் துரைசாணி. ஆனால் அவ வெள்ளைக்காரி அண்ணை. உங்கட ஆள் இல்லை. சும்மா ஒரு புதினத்துக்குப் படம் அனுப்புறன், பாருங்கோ.”

படத்தில் ஒரு கோயில் மணி. வாளியை விடக் கொஞ்சம் பெரிது. உள்நாக்கு தேய்ந்து, விளிம்பு பச்சை பிடித்திருந்தது. வயிற்றில் ஆங்கிலத்தில் வார்த்திருந்தார்கள்: உபயம் பிலோமினா, லண்டன், 1934.

கோயிலுக்கு ஆர் எதைக் கொடுத்தாலும் பெயர் பொறிக்காமல் கொடுக்கிற வழக்கம் எங்கட சனத்துக்கு இல்லை. மின்விசிறியின் மூன்று இறகிலும் மூன்று அண்ணன் தம்பியின் பெயர் இருக்கும். முழங்காலில் நிற்கிற வாங்கில்கூட இருக்கும். அதனால் பெயர் இருந்தது அதிசயமில்லை. பெயருக்குப் பின்னால் லண்டன் என்று இருந்ததுதான் கீரிமுனைக்குப் போதுமாயிருந்தது. அந்தக் காலத்தில் லண்டனிலிருந்து மணி அனுப்ப வெள்ளைக்காரியைத் தவிர வேறு ஆரால் முடியும்? செபஸ்தியாம்பிள்ளை போன் எடுத்ததும் ஜெஸ்ரின் டாக்சியை ஓரமாய் நிறுத்திவிட்டு முழுக் கதையையும் சொன்னான். ஒரு மார்கழிப் புயலில் துரைசாணியின் கப்பல் தரை தட்டியது. மனுவேலர் என்கிற சம்மாட்டி, சொந்தமாய் வள்ளமும் வலையும் வைத்திருந்தவர், கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, அவவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து கரை சேர்த்தார். மூன்று நாள் தன் வீட்டில் வைத்துக் கஞ்சி கொடுத்தார். துரைசாணி லண்டன் போய்ச் சேர்ந்ததும் நேர்த்திக்கு மணி அனுப்பினா. அதனால் இன்றுவரைக்கும் ஜெபமாலை மாதா பெருநாளில் முதல் மணியை அடிக்கிற உரிமை மனுவேலர் வழிக்குத்தான். கோயில் மூப்பரே கயிற்றைத் தூக்கி அவர்கள் கையில் கொடுக்க வேணும்.

“வருசம் வருசம் அவவுக்குப் பூசையும் இருக்கண்ணை. துரைசாணிப் பூசை எண்டு சொல்லுறது. சின்னனிலை நாங்கள் வடைக்காகப் போறனாங்கள்.”

“அது எப்ப?”

“மாசி மூண்டாந் திகதி. அவ செத்த நாளெண்டு சொல்லுவினம்.”

ஜெஸ்ரின் ஹலோ ஹலோ என்று இரண்டு தரம் கூப்பிட்டான். அடுத்த நாள் செபஸ்தியாம்பிள்ளை மழைக்குள்ளே போய், கல்லில் அந்தத் திகதியை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். பெப்ரவரி மூன்று. ஊரில் பெப்ரவரியைத்தான் மாசி என்பார்கள். ஒரு வெள்ளைக்காரத் துரைசாணியும் ஒரு ஆயாவும் ஒரே பெயரில் ஒரே ஊரில் ஒரே நாளில் செத்திருக்கலாம்தான். ஆனால் கடலில் வளர்ந்தவனுக்கு, தூண்டில் கயிறு இழுபடுகிற விதத்திலேயே கல்லா மீனா என்று தெரிந்துவிடும்.

கீரிமுனைப் பங்குச் சுவாமி, அந்தக் கோயிலின் பாதிரியார், போனில் கிடைத்தார்; இளவயதுக்காரர். பொறுமையாகக் கேட்டார். பழைய ஞானஸ்நானப் புத்தகங்கள் ஆயர் இல்லத்தில் இருக்கின்றன, போகும்போது பார்க்கிறேன் என்றார். வைகாசி போய், ஆனியும் ஆடியும் போய்விட்டன. செபஸ்தியாம்பிள்ளை அந்தக் கல்லைச் சுற்றிப் புல்லை வெட்டினார், மட்டை மழையில் சுருளச் சுருள நிமிர்த்திக் கட்டினார். சாப்பாட்டை மட்டும் எதிர்ப்பக்கத்துக் கல்லுக்கு மாற்றிக்கொண்டார். இப்போது நேருக்கு நேர். உண்மையில் மணி வாங்கியது நீதானா, அல்லது உன் துரைசாணி வாங்கி உன் பெயரைப் போட்டாளா? பத்தொன்பது வருசத்தில் ஒருதரமாவது ஊருக்குப் போய் வந்தாயா? அவர்களுடைய பிள்ளைகளை எந்தப் பாசையில் நித்திரையாக்கினாய்? கேட்கக் கேட்கக் கேள்வி கூடிக்கொண்டே போனது.

ஆவணி கடைசியில் சுவாமி போன் எடுத்தார். குரலில் ஒரு பதற்றம் இருந்தது. 1888ஆம் ஆண்டு, கீரிமுனை, செபமாலை என்பவரின் மகள் பிலோமினா. பக்கத்து ஓரத்தில் அந்தக் காலத்துப் பிரெஞ்சுச் சுவாமி ஒருவர் லத்தீனில் பொடி எழுத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: லண்டனில் இறந்தாள், 1939 பெப்ரவரி 3. நாலு வருசம் பின்னால் அதே செபமாலைக்கு ஒரு மகன். பெயர் மனுவேல்.

“மனுவேலரின்ர சொந்த அக்காதான் பிலோமினா,” என்றார் சுவாமி. “கப்பலும் இல்லை, புயலும் இல்லை. இதை நான் இஞ்சை வாய் திறந்து சொன்னால் பெருநாள் நடக்காது. நீங்கள் அங்கை பாத்துச் செய்யுங்கோ.”

விசயத்தைக் கேட்ட ஜெஸ்ரின், “மனுவேலரின்ர மகன்ட மகள் ஒராள் கிங்ஸ்பரியிலை இருக்கிறா அண்ணை. பேரைக் கேட்டால் சிரிப்பியள். பிலோமினம்மா,” என்றான். “துரைசாணியின்ர பேரைத்தான் வைச்சது. தலைமுறைக்கு ஒரு பிலோமினா கட்டாயம். ஆனால் கவனம், மனுசி லேசுப்பட்ட ஆள் இல்லை.”

கிங்ஸ்பரி வீட்டின் முன்னறையில், வழக்கமாய் இயேசுவின் இருதயப் படம் இருக்கிற இடத்துக்குக் கீழே அந்த மணியின் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. பிலோமினம்மாவுக்கு எழுபத்தேழு வயது. நிமிர்ந்த முதுகு. கதிரையில் சாயாமல் இருந்தா. மகன் றொஜன் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தான்.

“தம்பிக்கு என்ன வேலை?”

“கவுன்சிலிலை அம்மா,” என்றார் செபஸ்தியாம்பிள்ளை. ஊரில் கேட்டாலும் இதே பதில்தான் வரும். பதினொரு வருசமாக வாயில் ஊறிய பதில். பிறகுதான் இன்றைக்கு அது காணாது என்று தோன்றியது. “சேமக்காலையிலை. குழி வெட்டுறது, புல்லு வெட்டுறது.”

பிலோமினம்மா கோப்பையைச் சற்றே தள்ளி வைத்தா. அவர் தான் கண்டதை ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். கல், திகதி, ஞானஸ்நானப் புத்தகம், லத்தீன் வரி. சொல்லி முடித்து, கல்லின் படத்தைப் போனில் பெரிதாக்கி நீட்டினார். அவ கண்ணாடியைத் தேடவில்லை.

“அப்பப்பா பொய் சொல்லமாட்டார்.”

“பொய்யெண்டு நான் சொல்லேல்லை அம்மா. ஆனால் உங்கட வீட்டு ஆள்தானே மணி அனுப்பினது? அப்ப உங்களுக்கு உரிமை இன்னும் கூடத்தானே?”

“உமக்கு விளங்கேல்லை.” குரல் உயரவில்லை. “ஒரு துரைசாணி எங்கட வாசலுக்கு வந்து எங்கட கஞ்சியைக் குடிச்சவ எண்டதுதான் எங்கட மரியாதை. எங்கட வீட்டுப் பொம்பிளை கலியாணமும் கட்டாமல் கப்பலேறிப் போய்த் துரையின்ர பிள்ளையளுக்குப் பீத்துணி தோய்ச்சவ எண்டு சொன்னால், மூப்பர் கயித்தைத் தருவாரோ? என்ர அண்ணன்ட மகன் டெனுசன்தான் இப்ப அடிக்கிறான். அவனுக்கு ஊருக்குள்ளை இருக்கிற ஒரே மரியாதை அதுதான். வள்ளமும் இல்லை, வலையும் இல்லை. அதையும் நான் இஞ்சை இருந்துகொண்டு ஒரு கையெழுத்திலை பறிக்கவோ?”

“கையெழுத்து லண்டனிலைதானே அம்மா. ஊருக்கு ஆர் சொல்லப் போகினம்?”

“முப்பத்தொரு பேர் சொந்தம் கொண்டாடின குழுவிலை ஊத்தைப் பானையை உடைச்சது நீர்தானே?”

அதுவரை சுவரோடு நின்ற றொஜன் மெல்லச் சிரித்தான். “அம்மா, you cleaned that ward for twenty-two years. ஊரிலை என்ன சொன்னனீங்கள்? ஆஸ்பத்திரியிலை வேலை எண்டு. அங்கை இருக்கிற ஆக்கள் உங்களை நேர்ஸ் எண்டுதான் நினைக்கினம்.”

“நான் நேர்ஸ் எண்டு சொன்னனானோ?”

“இல்லை எண்டும் சொல்லேல்லை.”

றொஜன் தான் சொன்னது பிழையோ என்று தாயைப் பார்த்தான். செபஸ்தியாம்பிள்ளை தன் நகக்கண்ணில் இருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவேளை அந்த மனுவேலரும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். மணி வந்து இறங்கிய அன்று ஆரோ, லண்டனில் ஆரப்பா உனக்குத் துரைசாணி என்று கேட்டிருப்பார்கள். அவர் இல்லை என்று சொல்லாமல் நின்றிருப்பார். மற்றதை ஊர் பார்த்துக்கொண்டது. புயலை ஊதிவிட ஊருக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

வெளிக்கிட்டபோது பிலோமினம்மா வாசல்வரை வந்தா. அது மரியாதைக்கு. கதவைச் சாத்தப் போனவ நிறுத்தினா.

“அந்தக் கல்லிலை அந்தப் பிள்ளையளின்ர பேர் எழுதிக் கிடக்கோ?”

“இல்லையம்மா. எங்கட பிள்ளையள் எண்டு மட்டும்.”

“எத்தினை பிள்ளையள் எண்டும் இல்லையோ?”

“இல்லை.”

கதவு சாத்தப்பட்டது. ஆனால் சாத்தினவவின் முகத்தில், அவர் இத்தனை மாதமாகத் தன் முகத்தில் சுமந்து திரிந்த அதே குறுகுறுப்பு ஒரு கணம் ஓடியதைக் கண்டுகொண்டுதான் அவர் பஸ்ஸுக்கு நடந்தார்.

அதற்குப் பிறகு போன் வரவில்லை. இவரும் எடுக்கவில்லை. புரட்டாதி முழுக்க மழை. மேற்பார்வைக்காரன் வந்து நாலாம் வரிசையில் மூன்று கல்லுக்கு மஞ்சள் மையால் புள்ளி வைத்துவிட்டுப் போனான், பதினோராவதும் அதில் ஒன்று. திங்கட்கிழமை மெஷின் வரும் என்றான். ஐப்பசி ஆறு, ரமா சொன்ன கடைசி நாள், வெள்ளிக்கிழமை. காலமையே ரமா ஃபார்மை மட்டையில் கொழுவி மேசையில் வைத்திருந்தாள். “நாலு மணி வரைக்கும் வெச்சிருக்கேன் சார். அதுக்கு மேல என் கையில இல்ல,” என்றாள். பகிடி ஒன்றும் விடவில்லை.

பதினொன்றரைக்கு இரும்புப் படலைக்கு வெளியே றொஜனின் கார் வந்து நின்றது. பிலோமினம்மா இறங்கினா. பூசைக்குப் போகிற சேலை, மேலே குளிர்ச் சட்டை, காலில் வெள்ளைச் சப்பாத்து. செபஸ்தியாம்பிள்ளை ஓடிப்போய்க் கையைப் பிடிக்கப் பார்த்தார், அவ விடவில்லை. ஈரப் புல்லில் தானே அடியெடுத்து வைத்து நாலாம் வரிசைக்கு வந்தா. மஞ்சள் புள்ளியைப் பார்த்தா. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உதடு அசையாமல் கல்லை மேலிருந்து கீழே வாசித்தா. ஒருதரம் இல்லை, மூன்று தரம். கடைசியில் குனிந்து, அடிப்படியில் வட்டமாய்க் கறுத்துக் கிடந்த கறையை விரலால் தொட்டா.

“ஆர் இஞ்சை தேத்தண்ணி வைச்சுக் குடிக்கிறது?”

செபஸ்தியாம்பிள்ளை தலையைச் சொறிந்தார். “நான்தான் அம்மா. பதினொரு வருசம்.”

“எங்கட வீட்டிலை ஒருத்தரும் இவவோடை இருந்து ஒருநாள் சாப்பிடேல்லை. நீர் பதினொரு வருசம் சாப்பிட்டிருக்கிறீர்.” அவ நிமிர்ந்தா. “அப்ப நீரெல்லோ சொந்தம்? எதுக்கு என்னைத் தேடி வந்தனீர்?”

“அதை ஃபார்மிலை எழுத ஏலாதாம் அம்மா. நான் கேட்டுப் பாத்தனான்.”

பிலோமினம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை அடக்கினா. ரமா மட்டையோடு வந்து சேர்ந்தாள். குடையை மட்டைக்கு மேலே பிடித்துக்கொண்டு, எங்கே எழுத வேண்டும் என்று காட்டினாள். பெயர். விலாசம். பிலோமினம்மா இரண்டையும் எழுதினா. எழுத்து நேர்கோட்டில் போனது. மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றது.

“இது என்ன பிள்ளை?”

“இறந்தவங்களுக்கு நீங்க என்ன உறவுன்னு எழுதணும்மா. அப்புறம் கீழ கையெழுத்து.”

பேனா முனை தாளைத் தொட்டது. தொட்ட இடத்தில் ஒரு புள்ளி விழுந்து பெருத்தது. ரயில் ஒன்று மதிலுக்குப் பின்னால் இரைந்துகொண்டு போனது. “அம்மா, it’s just a form,” என்றான் றொஜன். அவ கேட்டதாகத் தெரியவில்லை.

“போனைத் தா,” என்றா மகனிடம். “டெனுசனைப் பிடி. முகம் தெரியிற மாதிரி.”

“இப்பவோ? அங்கை நாலரை. பெருநாள் வேலையா நிப்பினம்.”

“நிக்கட்டும். எல்லாரும் நிக்கட்டும்.”

போன் கனநேரம் அடித்தது. பிறகு திடீரென்று ஒரே வெளிச்சம். கண் கூசுகிற வெயில், ஏணி, பாதி கட்டின கொடிச்சீலைகள் காற்றில் படபடக்கிற சத்தம். நடுவில் வியர்வை வழியும் முகத்தோடு டெனுசன். “மாமி! என்ன இந்த நேரத்திலை? எங்கை நிக்கிறியள், பின்னாலை ஒரே மரமாக் கிடக்கு?”

“சேமக்காலையிலை நிக்கிறன்.”

“ஐயோ, ஆர் மாமி செத்தது?”

பிலோமினம்மாவின் ஒரு கையில் மூடாத பேனா. மற்றக் கையால் போனை மெல்லத் திருப்பி, கல்லுக்கு நேரே, குழந்தைக்கு நிலவைக் காட்டுகிறதுபோல உயர்த்திப் பிடித்தா. செபஸ்தியாம்பிள்ளை பிடிக்கட்டா என்று முன்னால் வந்தார். வேண்டாம் என்று தலையசைத்தா.

“வாசி,” என்றா. “நீ படிச்சனிதானே. சத்தமா, தமிழிலை வாசி.”

“என்ன மாமி இது, பழைய கல்லு... பி... பிலோமினா.” டெனுசனின் குரலில் சிரிப்பு இருந்தது. “எட, எங்கட துரைசாணியின்ர கல்லோ! கண்டுபிடிச்சிட்டியளோ? டேய், இஞ்சை வாங்கோடா, துரைசாணி!” ஏணியிலிருந்து ஆரோ இறங்குகிற சத்தம். “இலங்கையைச் சேர்ந்தவள்... இதென்ன, இலங்கை எண்டு போட்டிருக்கு... பத்தொன்பது ஆண்டுகள் எங்கள் பிள்ளைகளின்...”

அடுத்த சொல்லுக்கு முன்னால் குரல் நின்றுவிட்டது. கொடிச்சீலை படபடப்பு மட்டும் கேட்டது. அந்தச் சின்னத் திரைக்குள் டெனுசனின் முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு முகம் வந்தது. தோளுக்கு மேலால் ஒரு நரைத்த மீசை எட்டியது. தலையில் துண்டு கட்டிய ஒரு பொம்பிளை, வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு, மற்றவர்களை முழங்கையால் இடித்து இடம் பிடித்தா. கீழிருந்து ஒரு பிள்ளையின் நெற்றி மட்டும் தெரிந்தது. ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, கண்ணைச் சுருக்கி, வெயிலுக்குள் நின்று அவர்கள் எல்லாரும் இந்த மழை இருட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு துளி வந்து போனில் விழுந்தது. முகங்கள் அதற்குள் வீங்கி நெளிந்தன. பிலோமினம்மா அதைத் துடைக்கவில்லை. கல்லில் மழைக்குப் பாசி மறுபடி படர்ந்திருந்த அந்த ஒரு சொல்லுக்கு, ஆயா என்ற சொல்லுக்கு, போனை இன்னும் கிட்டக் கொண்டுபோனா.